பேய்க்கணவாயின் எடை

பிப்ரவரி 3, திங்கள்

கம்ப்யூட்டரில் தாய் இன்றும் சாகவில்லை.

அக்காவிடம் சொன்னேன். "சாகலைன்னா நல்லதுதானட்டி, அதுக்கு ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கே?" என்றாள். முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவள். எதற்கும் உடனே ஒரு தீர்ப்பு வைத்திருப்பாள்.

கூட்டுறவு வங்கி கொடுத்த டைரி ஒரு மாதமாகச் சும்மா கிடக்கிறது. வீணாக்க மனமில்லை, எழுதுகிறேன். என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வடிவு, நாற்பத்தொன்பது வயது, கணிதம் படித்தவள், வடசேரியில் அக்காவோடு வாசம், சுத்த சைவம். வேலை, ஆக்டோபஸ்.

குளச்சலுக்கு வெளியே முந்நூற்றைம்பது மீட்டர் ஆழத்தில், வெளிச்சம் எட்டாத இடத்தில் அது இருக்கிறது. மீனவர்கள் பேய்க்கணவாய் என்கிறார்கள். இறால் வலையில் தப்பித்தவறி வந்து மாட்டும். அது தின்பதில் உடம்பு வளர எவ்வளவு போகிறது, உயிரைத் தாங்க எவ்வளவு, முட்டைக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்து, சமன்பாடாக எழுதி, கம்ப்யூட்டரில் ஒன்றை வளர்க்கிறேன். பிறக்கும், வளரும், முட்டையிடும். பிறகு ஒன்றும் தின்னாமல் முட்டையைக் காத்துக் கிடக்கும். குஞ்சு பொரிந்ததும் தாய் முடிந்துபோகும். ஆக்டோபஸ் குலத்தின் வழக்கம் அது. என் தாய் மட்டும் நானூறு முட்டை இட்டு, அத்தனையும் பொரிந்த பிறகும் குண்டுக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. பிளம்பருக்குச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

சேசடிமை தாள்களோடு வந்தார். எங்கள் கடல் ஆய்வு மையத்தின் களப்பணியாளர். ஐம்பத்துமூன்று வயது, பதினோரு வருஷமாக ஒப்பந்த வேலை. முன்பு விசைப்படகில் போனவர். வலை இழுக்கும் கம்பி அறுந்து அடித்ததில் வலது தோள் போய்விட்டது. இனி கடலுக்குப் போக முடியாது. படகு வந்ததும் பேய்க்கணவாய் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, அளந்து, எடை போட்டு, வயிற்றைத் திறந்து முட்டை எண்ணி, நோட்டில் எழுதுவது அவர் வேலை. நோட்டில் இருப்பதை டைப் அடித்து எனக்குத் தருவார்கள்.

பெண் ஒன்றில் எண்பத்துநான்கு முட்டையாம். என் மாடல் நானூறு என்கிறது.

"சரியா எண்ணினீங்களா?"

"ரெண்டு தடவ எண்ணினேன் மேடம். வேர்க்கடலைப் பருப்பு அளவுக்கு இருக்கு. எண்ண என்ன கஷ்டம்? பாக்கணும்னா வாருங்கோ, காட்டுதேன்."

வேண்டாம் என்றேன். பத்து வருஷமாக ஆக்டோபஸ் வேலை பார்க்கிறேன், ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. தொட வேண்டிய அவசியம் வரவில்லை. கண் கூசுகிறது, கை கூசுகிறது என்பதெல்லாம் அக்கா கட்டிவிட்ட கதை.

பிப்ரவரி 12, புதன்

பிளம்பர் வரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

இன்று ஒன்று பிடிபட்டது. போன ஆகஸ்டுக்கு முன்னால் பிடித்த விலங்குகளையும் பின்னால் பிடித்தவற்றையும் தனித்தனியாக வரைந்து பார்த்தேன். அதே நீளம், ஆனால் ஆகஸ்டுக்குப் பின் நூற்றுக்குப் பதினான்கு எடை கூடுதல். எல்லாமே. நீளத்துக்கு மேல் எடை இருந்தால் என் மாடல் அதைச் சேமித்த சாப்பாடு என்று எடுத்துக்கொள்ளும். சேமிப்பு இருந்தால் முட்டை கூடும், தாயும் நெடுநாள் தாங்குவாள். அப்படியென்றால் கோளாறு மாடலில் இல்லை. எடையில்.

நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

ஆகஸ்டில்தான் நான் புதிய முறை கொண்டுவந்தேன். அதுவரை துறைமுகத்திலேயே துருப்பிடித்த ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போகத் தொடங்கியதும், விலங்கை ஐஸ் பெட்டியில் வைத்து மையத்துக்குக் கொண்டுவந்து எலக்ட்ரானிக் தராசில்தான் போட வேண்டும் என்று சுற்றறிக்கை எழுதினேன். இயக்குநர் பெனடிக்டா மேடம் கூட்டத்தில் பாராட்டினார். சேசடிமை ஏதோ சொல்ல வந்தார். முறை என்றால் முறை என்று சொல்லி அனுப்பினேன்.

ஆக, தராசு முன்னைவிடத் துல்லியம். அப்படியும் எடை தப்பு. மிச்சமிருப்பது எடை போடுகிற ஆள்தான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சேசடிமை ஒரு பை நிறைய, ஒவ்வொன்றும் நாவல்பழ அளவில், இலந்தைப்பழம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். "சைவந்தான் மேடம், பயப்படாதுங்கோ." நல்ல இனிப்பு. எழுதி வைக்கக் காரணம், ஒருவர் நல்லவராக இருப்பதும் சரியாக எடை போடுவதும் வேறு வேறு என்பதற்காகத்தான்.

மார்ச் 3, திங்கள்

இயக்குநர் கூப்பிட்டார். இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தங்கள் முடிகின்றன. இருபத்தேழாம் தேதி குழு கூடி யாரை வைப்பது என்று முடிவு செய்யும். "தரவு எப்படி இருக்குன்னு ஒரு நோட் போடுங்க வடிவு. எழுதுமுன்னே யோசிச்சு எழுதுங்க."

யோசிக்காமல் நான் என்றைக்கு எழுதியிருக்கிறேன்?

மார்ச் 6, வியாழன்

நோட் கொடுத்துவிட்டேன். "ஆகஸ்டுக்குப் பிந்தைய எடைகள் நம்பத் தக்கவையல்ல. களப்பணியாளர் எடை போடாமலேயே உத்தேசமாக எழுதியிருக்கக் கூடும்." 'கூடும்' என்றுதான் எழுதினேன். யார் மேலும் பழி போடவில்லை.

நேற்று சாம்பல் புதன். சேசடிமை நெற்றியில் சாம்பல் இன்று வரை லேசாகத் தெரிந்தது. நாற்பது நாளும் அவருக்கு மீன் கிடையாது, இறைச்சி கிடையாது. "இனி ஈஸ்டர் வரைக்கும் நானும் உங்க ஜாதிதான் மேடம்" என்று சிரித்தார். என்னால் சரியாகச் சிரிக்க முடியவில்லை. வெயில் காரணமாக இருக்கும்.

மார்ச் 10, திங்கள்

பிளம்பர் வந்தார். வாஷர் மாற்றினார். இப்போது வேறு இடத்தில் சொட்டுகிறது.

அக்காவிடம் நோட் விஷயம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த ஆளு எடை போடுதத நீ கண்ணால பாத்தியா?" என்றாள். எண்கள் சொல்கின்றன என்றேன். "எண்ணு சொல்லுமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றாள். இரண்டு மணி நேரம் பேசவில்லை நான். பிறகு அவள் காபி போட்டாள், பேச வேண்டியதாயிற்று.

மார்ச் 12, புதன்

கண்ணால் பார்த்துவிட்டால் போயிற்று என்று முதல் பஸ்ஸில் குளச்சலுக்குப் போனேன். சொல்லாமல் போனேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் அல்லவா?

துறைமுகம் முழுக்க ஈரம், சத்தம். ஏலக் கூடத்துக்கு வெளியே ஒரு தூணுக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஆறரைக்குப் படகு வந்தது. சேசடிமை இடது கையால் கூடையை வாங்கி, கடல்தண்ணீர்த் தொட்டியிலிருந்து இரண்டு பேய்க்கணவாய்களை எடுத்தார். பழைய ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டுப் பார்த்து, நோட்டில் ஏதோ கிறுக்கினார். பழக்க தோஷம் போலிருக்கிறது. பிறகு ஐஸ் பெட்டியில் வைத்தார், சுற்றறிக்கையில் சொன்னபடி. எட்டேகால் பஸ்ஸில் ஏறினார். நானும் பின் வாசல் வழியாக ஏறினேன். மையத்துக்கு வந்ததும் தராசு அறை வாசலில் பெட்டியோடு உட்கார்ந்தார். சாவி வைத்திருக்கும் ஸ்டோர் குமாஸ்தா பதினொன்றரைக்கு வந்தார். கதவு திறந்ததும் எடை போட்டு, எழுதினார். திரையில் வந்த எண்ணையும் நோட்டில் எழுதியதையும் ஜன்னல் வழியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் வித்தியாசமில்லை.

ஏமாற்றமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

துறைமுகத்தில் ஒரு வேடிக்கை. மீன் வாங்க வந்த ஒரு பெண், வியாபாரியின் கணவாயைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிச்ச சரக்க எனக்கா தள்ளுத? ஐஸ் தண்ணியில ராவெல்லாம் ஊறப் போட்டுட்டு வந்திருக்கியே, நல்லாருப்பியா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். அவன் ஒரு கிலோ கொசுறு போட்டுத்தான் தப்பித்தான். அக்காவிடம் நடித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 15, சனி

அக்கா ஊறுகாய் போட மாங்காய் வாங்கினாள். ஐந்து கிலோ. இருவருக்கு எதற்கு ஐந்து கிலோ என்று கேட்கக் கூடாது.

மார்ச் 16, ஞாயிறு

இதை முழுதாக எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் அக்கா ஜாடியைத் திறந்து காட்டினாள். நேற்று கழுத்து வரை இருந்த மாங்காய் பாதியாக வற்றிக் கிடந்தது, மேலே தண்ணீர் நின்றது. "ஒரு சொட்டு தண்ணி ஊத்தலட்டி. உப்பு இழுத்த தண்ணி" என்றாள். பத்தாம் வகுப்புப் பாடம். உப்பு இருக்கிற பக்கம் தண்ணீர் போகும். ஜாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணவாய் கடலில் பிறந்து வளர்ந்தது, உடம்பு முழுக்க உப்பு. ஐஸ் உருகினால் நல்ல தண்ணீர். ஆறரையிலிருந்து பதினொன்றரை வரை, ஐந்து மணி நேரம் அதில் ஊறுகிறது. துறைமுகத்தில் சண்டை பிடித்த அந்தப் பெண்ணை நான் நடித்துக்கூடக் காட்டினேனே!

ஆட்டோ பிடித்து மையத்துக்குப் போனேன். காவலாளியிடம் சாவி வாங்கி, சேசடிமையின் நோட்டுகளை எடுத்தேன். டைப் அடித்த தாள்களை அல்ல, நோட்டுகளை. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதை டைப் அடிக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். குறிப்பைக் கம்ப்யூட்டர் தின்னாது என்று ஜோக் வேறு அடித்திருந்தேன்.

"ஆக. 11: ஐஸ் உருகி தண்ணியில் கிடந்தது. ஊதியிருக்கு."

"ஆக. 19: துறையில் 610. ஆபீசில் 700. எதை எழுத? ஆபீஸ் எடை எழுதியுள்ளேன்."

"செப். 2: மேடத்திடம் சொல்லப் போனேன். முறையை மாற்ற வேண்டாம் என்றார்."

"செப். 4: துறையில் 480."

அதற்குப் பிறகு புகார் இல்லை. ஒவ்வொரு விலங்குக்கும் எண் மட்டும். துறையில் 535. துறையில் 720. துறையில் 390. தொண்ணூற்றாறு விலங்குகள், தொண்ணூற்றாறு சரியான எடைகள். யாரும் கேட்கவில்லை, யாரும் படிக்கவில்லை. ஏழு மாதம் அந்த மனிதர் கெட்ட தோளோடு ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடை போட்டிருக்கிறார். தண்ணீரைச் சேமிப்பு என்று நம்பி நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம், சரியான விடை பக்கத்துக் கட்டத்தில் இருந்தது.

அவரைத்தான் உத்தேசமாக எழுதுகிறவர் என்றேன்.

அழுதேன். எழுதிவிட்டேன், சரி.

மார்ச் 17, திங்கள்

இயக்குநரிடம் போய், நான் எழுதிக் கொடுத்த நோட்டைத் திருப்பிக் கேட்டேன். சேசடிமையின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆகஸ்ட்ல உங்களை நான் பாராட்டினேன், ஞாபகமிருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்ப ரெண்டு பேருக்கும் பங்கு. ஆனா நோட் ஃபைல் ஏறி, குழுவுக்கும் போயாச்சு. கிழிச்சுப் போட முடியாது. இருபத்தேழாம் தேதி வந்து நீங்களே வாயால சொல்லுங்க. அவரும் உக்காந்திருப்பார்." எழுந்த என்னை நிறுத்தி, "அதுக்கு முன்னால அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

சொன்னேன். முன்கூட்டி நாலு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "உங்கள் மேல் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது" என்று மட்டும் வந்தது.

"தெரியும் மேடம். ஆறாந்தேதியே தெரியும். டைப் அடிக்கவங்க சொன்னாவ."

"தெரிந்துமா என்னிடம் சிரித்துப் பேசினீர்கள்?"

ஐஸ் பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வேலை போனா போட்டும்னு சொல்ல மாட்டேன். இந்தத் தோளோட யாரு போட்ல ஏத்துவா? பயமாத்தான் இருந்தது. ஆனா அது இல்ல. எடை போடாமலே எழுதுவேன்னு நெனச்சியளே. அதுதான் உள்ளுக்குள்ள கெடக்கு."

"என் மேல் கோபமாக இருக்கிறீர்களா?"

"தவக்காலத்துல கோவப்படப்பிடாது மேடம்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "ஈஸ்டர் கழியட்டும். அப்புறம் படுதேன்."

வேடிக்கையாகச் சொல்கிறாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை. தினமும் மத்தியானம் என் அறைக்குத் தேநீருக்கு வருபவர், இன்று வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்றும் வரவில்லை. பேசுகிறார், வேலையைப் பற்றி மட்டும். தராசு அறைச் சாவிக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. இனி துறைமுக எடைதான். பழைய ஸ்பிரிங் தராசை எடைக்கற்களோடு சரிபார்த்தேன். பத்து கிராம்கூடத் தப்பவில்லை. துரு வெளியேதான்.

மார்ச் 27, வியாழன்

குழுவில் ஐந்து பேர். சேசடிமை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஓர நாற்காலியில் இருந்தார். கைகளைத் தொடையில் வைத்து, பரீட்சைக்கு வந்தவரைப் போல.

என் ஆகஸ்ட் சுற்றறிக்கையை நானே வாசித்தேன். பிறகு என் மார்ச் நோட்டை. பிறகு அவருடைய குறிப்புக் கட்டத்தை, ஆகஸ்ட் பதினொன்றிலிருந்து, ஒவ்வொரு வரியாக. தொண்ணூற்றாறையும் வாசிக்க விடவில்லை. இருபதில் தலைவர் கை காட்டினார்.

வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், "ஐஸ் தண்ணியில கணவாய் ஊதும்னு எங்க தெரு மீன்காரிக்குத் தெரியுமே மேடம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தெரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்படிச் சொல்வது நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. செருப்புக் கடித்துக்கொண்டிருந்த காலைத் தரையில் வைத்தது போல இருந்தது.

சேசடிமைக்கு மூன்று வருஷ ஒப்பந்தம். இதுவரை ஒவ்வொரு வருஷமாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்ததற்கும் அதிகம் அது.

வீட்டுக்கு வந்து மாங்காய் ஊறுகாயோடு மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சரியான எடைகளைக் கொடுத்து மாடலை ஓட்டினேன். எண்பத்துமூன்று முட்டை! சேசடிமை முட்டை எண்ணிய பெண் கணவாய்களின் சராசரி எண்பத்தொன்று. நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன், அறையில் யாரும் இல்லாததால்.

பிறகு கோடு கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டையிட்ட நாளிலிருந்து அவள் ஒன்றும் தின்னவில்லை. சேர்த்து வைத்தது மாதா மாதம் கரைகிறது. பதினான்காம் மாதம் முட்டைகள் பொரிந்தன. அதே வாரம் கோடு பூஜ்யத்தைத் தொட்டது. தாய் முடிந்துவிட்டாள்.

இரண்டு மாதமாக இவள் எப்போது சாவாள் என்று காத்திருந்தவள் நான். இன்று செத்ததும் மனசு என்னவோ செய்தது. அக்காவிடம் சொன்னேன். "அப்ப கணக்கு சரியாயிட்டா?" என்றாள். ஆயிற்று என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுப் பூக்கட்டத் தொடங்கினாள். முதல் தடவையாக அவள் தீர்ப்போடு எனக்கு முழுச் சம்மதம்.

ஏப்ரல் 9, புதன்

கட்டுரை எழுதத் தொடங்கினேன். பெயர்கள் இரண்டு, என்னுடையதும் சேசடிமையுடையதும். அவரிடம் காட்டினேன். பெயரை விரல் வைத்துப் படித்தார். "அப்பா பேரையும் போடணும்லா? சூசை சேசடிமைன்னு போடுங்கோ" என்றார். போட்டேன்.

குழாய் நின்றுவிட்டது. யாரும் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே.

ஏப்ரல் 19, சனி

நாளை ஈஸ்டர். செவ்வாய்க்கிழமை துறைமுகத்துக்கு வருகிறேன் என்று சேசடிமையிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

முதல் பஸ்ஸில் போனேன். இந்தத் தடவை சொல்லிவிட்டுப் போனேன், தூணுக்கு முன்னால் நின்றேன்.

சேசடிமை கடல்தண்ணீர்த் தொட்டியோடு வந்தார். உள்ளே ஒன்றே ஒன்று. மங்கிய சிவப்பு, தொட்டியின் மூலையில் சுருண்டு கிடந்தது. இவ்வளவு நாள் வரைபடத்தில் வளர்த்தவளுக்கு இத்தனை பெரிய கண் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"ஈஸ்டர் கழிஞ்சிட்டு மேடம்."

"தெரியும். கோபத்துக்குத்தான் வந்திருக்கிறேன்."

ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டினார். நோட்டைத் திறந்து, தானே பேனாவை எடுத்துக்கொண்டார். பிறகு தொட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "எனக்குத் தோளு நோவுது. இன்னைக்கு நீங்க எடை போடுங்கோ."

அதுதான் அவருடைய கோபம் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. சுற்றி மீன்காரிகள் நின்றார்கள். அன்று பெருவிரலால் அழுத்திய பெண்ணும் இருந்தாள். கையுறை கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தேன். கையை விட்டேன். குளிர்ச்சியாக, கனமாக, வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு கரம் மெதுவாக என் மணிக்கட்டைச் சுற்றியது. கத்தினேனா என்று நினைவில்லை. கத்தினேன் என்று சேசடிமை சொல்கிறார். ஆனால் விடவில்லை. தண்ணீர் வடியும்வரை பிடித்துக்கொண்டு நின்று, தராசில் தொங்கிய தட்டில் வைத்தேன்.

மத்தியானம் அவர் தேநீருக்கு வந்தார். வேலையைப் பற்றிப் பேசவில்லை. போகும்போது நோட்டை என் மேசையில் விட்டுப் போனார். இனி குறிப்புக் கட்டத்தை டைப் அடிக்கிறவள் நான்தான். இன்றைய வரியை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"ஏப். 22: பெண். துறையில் 655. எடை போட்டது வடிவு மேடம், வெறுங்கையால். எடை சரி."